அர்பாத்ஸ்கயாவில் ஒன்றேகால் மணி நேரம்

கொரோனா வருவதற்கு முந்தைய வருடம், அக்டோபர் மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் நியூஜெர்சியில், எடிசனில் குடியிருந்தோம். கணவரின் அண்ணன் மகளுக்குச் சென்னையில் கல்யாணம். எங்கள் மகளுக்கு ஹைஸ்கூலில் டெஸ்ட் மேல் டெஸ்ட். அதனால் அவளைக் கீழ் அபார்ட்மெண்ட் ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பன்னிரண்டு நாள் லீவில் போய் வந்தோம்.

திரும்பும்போது டெல்லியிலிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து நியூயார்க் என்று டிக்கெட். காலையில் மாஸ்கோவில் இறங்கினால் ராத்திரி ஏழே காலுக்குத்தான் அடுத்த விமானம். "சும்மா ஏர்போர்ட்ல உக்காந்திருக்கறதுக்கு ஊரைப் பாத்துட்டு வரலாம்" என்று என் கணவர் முன்கூட்டியே டிரான்சிட் விசா எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் இந்திய பாஸ்போர்ட். அந்த விசா அன்றைக்கு நள்ளிரவோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, போர்டிங் பாஸ் எல்லாமே அவர் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டிருந்த சின்னப் பையில் இருந்தன. எந்தப் பயணத்திலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து என் பாஸ்போர்ட்டை நான் சுமந்ததே இல்லை.

ஆசைப்பட்டு எடுத்த விசாதான். ஆனால் மாஸ்கோவில் இறங்கும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டெல்லியில் விமானத்துக்காகக் காத்திருந்தபோது, காபி குடித்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார். ஆபீசில் டாலஸுக்கு மாற்றல் தருகிறார்கள், நல்ல பொசிஷன், ஜனவரியில் போக வேண்டும் என்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யெஸ் சொல்லிட்டேன். போன வாரமே கேட்டாங்க. கல்யாண வேலையில உன்கிட்ட சொல்ல டைமே கிடைக்கல."

வேலைக்குப் போக அனுமதியில்லாத எச்-4 விசாவில் எத்தனையோ வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் ஒரு டேகேரில் உதவியாளராகச் சேர்ந்து, அந்தச் செப்டம்பரில்தான் நான் லீட் டீச்சர் ஆகியிருந்தேன். மகளுக்கு ஹைஸ்கூலில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. இரண்டையும் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு விமானத்தில் ஆறு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்படித்தான் மாஸ்கோவைப் பார்த்தோம். சிவப்புச் சதுக்கத்தில் தூறலில் நடந்தோம். வண்ண வண்ணக் குமிழ் வைத்த அந்தப் பெரிய தேவாலயத்தைப் பார்த்தோம். அவர் போனில் முன்பே இறக்கி வைத்திருந்ததைப் பார்த்து வரலாறு படித்துச் சொல்லுவார், நான் "ம்" என்பேன். என்னைப் போட்டோ எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் போனில் நானே கட்டடங்களாக எடுத்துத் தள்ளினேன். மதியத்துக்குள் என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. அர்பாத் என்ற கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி டீ குடித்தோம். அதற்குள் மணி இரண்டேகால் ஆகிவிட்டது.

ஏர்போர்ட்டுக்குத் திரும்புகிற வழி சுலபம்தான். பக்கத்திலேயே அர்பாத்ஸ்கயா என்ற மெட்ரோ ஸ்டேஷன். அங்கே ஏறி, இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கி வேறு லைன் மாறி, அங்கிருந்து ஏர்போர்ட் ரயில். பூமிக்கடியில் இறங்கிக்கொண்டே போகிறது எஸ்கலேட்டர். கீழே போனால் அரண்மனை மாதிரி இருக்கிறது. வெள்ளை வளைவுகள், வரிசையாகத் தொங்கும் பித்தளை விளக்குகள். நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன்.

ரயில் வந்தது. நல்ல கூட்டம். அவர் முன்னால் ஏறிவிட்டுத் திரும்பி, "சீக்கிரம் வா, சீக்கிரம்" என்று கையை ஆட்டினார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது. நான் ஏறியிருக்கலாம். ஆனால் அந்த "சீக்கிரம்" காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. கூப்பிட்ட உடனே பின்னாலேயே ஓடி வரவேண்டுமா என்று ஒரு வீம்பு. வேண்டுமென்றே காலை மெதுவாக எடுத்து வைத்தேன். நியூயார்க் சப்வே மாதிரி யாராவது கையை வைத்தால் கதவு மறுபடி திறந்துவிடும் என்ற நினைப்பு வேறு. அந்தக் கதவு அப்படிப்பட்டதாக இல்லை. என் மூக்குக்கு நேராகப் படாரென்று மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். உள்ளங்கையால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பிறகு விரலால் தரையைக் காட்டினார். அங்கேயே நில் என்று அர்த்தம். ரயில் அவரை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டது.

முதல் ஒரு நிமிஷம் எனக்குப் பயமே வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க ரயில் பிடித்து வந்துவிடுவார். மொத்தம் ஐந்து நிமிஷம். கொஞ்சம் அலையட்டுமே என்று எஸ்கலேட்டர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

சுரங்க வாயின் மேலே ஒரு கடிகாரம் இருந்தது. அதில் மணியோடு இன்னொரு எண்ணும் இருந்தது. ஒரு ரயில் புறப்பட்டதும் அந்த எண் பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். அடுத்த ரயில் புறப்பட்டதும் மறுபடி பூஜ்யம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில். எதிர்ப்பக்கம் ஒவ்வொரு ரயில் வரும்போதும் எழுந்து போய், இறங்குகிற முகங்களைப் பார்த்தேன். முதல் ரயிலில் இல்லை. மூன்றாவதில் இல்லை. ஆறாவதில் இல்லை. பத்தாவது ரயிலுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில், மகளுக்கு வாங்கிய இரண்டு கீ செயின், செத்துப்போன போன். நான் யார் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. சுவரில் இருக்கிற ஒரு எழுத்தைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. யாரிடமாவது போன் வாங்கி அவரைக் கூப்பிடலாம் என்றால், ஒரு நாள்தானே என்று இரண்டு பேருமே ரோமிங் போட்டிருக்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. எங்கே போய்த் தொலைந்தார் இந்த மனிதர்? பிறகு, ஒருவேளை லைன் மாற வேண்டிய அந்த இரண்டாவது ஸ்டேஷனில் நிற்கிறாரோ? நான்தான் அங்கே போக வேண்டுமோ? போய், அவர் இங்கே வந்துவிட்டால்? விரலால் தரையைக் காட்டினாரே? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவருக்குப் போன வருடம்தான் பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். ரயிலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றிய நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து ஓடினேன். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஐந்தரைக்காவது ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்.

நான் இப்படி எழுந்து எழுந்து ஓடியதைப் பார்த்தோ என்னவோ, இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் வந்தார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் இளைஞர். பெரியவர் மரியாதையாகத்தான் ஏதோ கேட்டார். "டாக்குமென்ட்" என்ற சொல் மட்டும் புரிந்தது.

"பாஸ்போர்ட், ஹஸ்பண்ட். ஹஸ்பண்ட், டிரெய்ன்" என்று சுரங்கத்தைக் காட்டினேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் எஸ்கலேட்டரைக் காட்டி, எங்களோடு மேலே வாருங்கள் என்பதுபோல் கையசைத்தார்.

மேலே போனால் இந்த இடத்தை விட வேண்டும். நான் போன அடுத்த நிமிஷம் அவர் வந்து இந்தப் பெஞ்சைக் காலியாகப் பார்த்தால் என்ன ஆகும்? பெஞ்சின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயில் இங்கிலீஷ் வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"நான் வரமாட்டேன். எங்க வீட்டுக்காரர் இங்கதான் வருவாரு. இங்க நில்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் வரவே மாட்டேன்!"

அந்தப் பளிங்கு மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் யூனிஃபார்ம் போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்து எஸ்கலேட்டரைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். அரை மணிக்கு முன்னால் நான் அவரிடம் போய்க் கேட்கப் பார்த்தபோது, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பை விரலால் தட்டிக் காட்டி, என்னைப் போகச் சொல்லிவிட்டார். அதே அம்மாள் இப்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கனத்த உடம்பு, கையில் பாதி கடித்த ஆப்பிள். போலீஸ்காரர்களிடம் படபடவென்று ஏதோ சொன்னார். அவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அந்த அம்மாள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தார்.

நான் படம் வரைந்தேன். ஒரு ரயில். உள்ளே ஒரு ஆண். வெளியே ஒரு பெண். ரயில் போகிறது என்று ஒரு அம்பு. திரும்பி வருகிறது என்று இன்னொரு அம்பு, அதன் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

அம்மாள் அதை உற்றுப் பார்த்தார். "அர்பாத்ஸ்கயா?" என்றார்.

"அர்பாத்ஸ்கயா, அர்பாத்ஸ்கயா" என்று தரையைக் காட்டினேன்.

அவர் இரண்டு விரலைத் தூக்கி, "த்வா" என்றார்.

ஆமாம், நாங்கள் இரண்டு பேர்தான் என்று தலையாட்டினேன். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, "அர்பாத்ஸ்கயா, த்வா!" என்று மறுபடி இரண்டு விரலைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பொறுமை இழந்து நோட்டைப் பிடுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளி, மற்றக் கோட்டின் மேல் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்குப் பக்கத்திலும் ஒரே பெயரை எழுதினார். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று பார்க்கத் தெரியுமே.

அர்பாத்ஸ்கயா என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன்! வேறு வேறு லைனில், வேறு வேறு சுரங்கத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் மேலே ஏறி, தெருவில் நடந்துதான் போக வேண்டும்.

இளைய போலீஸ்காரருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. "ஹஸ்பண்ட்... லுக்? ஹேர்? ஜாக்கெட்?" என்று கேட்டார். வழுக்கை, கண்ணாடி, மீசை, நீல ஜாக்கெட், கறுப்பு பேக்பேக் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அம்மாள் கூண்டுக்குள் போய் அந்த இன்னொரு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பேசினார். காத்திருந்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த கணமே அவர் முகம் மாறியது. இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்து, படியேறிப் போவதுபோல் நடத்திக் காட்டினார். என் கணவர் அங்கே இருந்திருக்கிறார். இப்போது இல்லை. வெளியே போய்விட்டார்.

எங்கே போவார்? ஏர்போர்ட்டுக்கா? நானே அங்கே போயிருப்பேன் என்று நினைத்தா? என்னிடம் பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போவேன் என்று யோசிக்கமாட்டாரா? நான் மேலே ஓடப் பார்த்தேன். அம்மாள் கூண்டிலிருந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். நீ நகராதே என்று மட்டும் புரிந்தது. இளைய போலீஸ்காரர் ரேடியோவில் பேசிக்கொண்டே எஸ்கலேட்டரில் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு நான் ரயிலைப் பார்க்கவில்லை. எஸ்கலேட்டரையே பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் ஆட்கள் முதலில் வெறும் புள்ளிகளாகத் தெரிவார்கள். நீலமாக ஏதாவது தெரிந்தால் எழுந்துகொள்வேன். பக்கத்தில் வரும்போது அது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கும், ஒரு கிழவராக இருக்கும். மகளின் முகம் ஞாபகம் வந்தது. ராத்திரி விசா முடிந்துவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்ற யோசனை வந்தது. அந்த அம்மாள் கூண்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்ப்பார்.

மணி மூன்றே முக்கால். மேலே இருந்து அந்த இளைய போலீஸ்காரர் இறங்கி வந்தார். அவருக்கு முன்னால் நீல ஜாக்கெட். அவரேதான். போலீஸ் பின்னால் வரவும், பிடித்துக்கொண்டு வருகிறார்களோ என்று ஒரு நொடி பதறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் ஓடுகிற படிகளில் ஓடியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. கண் சிவந்திருந்தது.

வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நில்லுன்னு சொன்னேன்ல? ஏன் நகர்ந்த?"

"நான் நகரவே இல்ல. நீங்க ஏன் வரல?"

"வந்தேன்! இவ்வளவு நேரம் அங்கதானே நின்னுட்டிருந்தேன்!"

ரயிலில் நெரிசல் தாங்காமல் முதல் ஸ்டேஷனில் அவரால் கதவுப் பக்கம் வரவே முடியவில்லையாம். இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கி, ஒருவரிடம் "அர்பாத்ஸ்கயா" என்று கேட்டிருக்கிறார். அந்த நல்ல மனிதர் கையைப் பிடித்து அழைத்துப் போய், இன்னொரு லைன் ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார். பெயர்ப்பலகையில் அதே எழுத்துகளைப் பார்த்து இறங்கியவருக்கு, விளக்குகளும் வளைவுகளும் இல்லையே என்று உறைக்கவில்லை. ஸ்டேஷனின் வேறொரு கோடிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்திருக்கிறார். கடைசியில் மேலே போய், தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் போனில் என் போட்டோவைக் காட்டிக்கொண்டு நின்றவரைத்தான் போலீஸ்காரர் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

கூண்டு அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ரஷ்ய மொழியில் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, அதே அளவுக்கு என்னையும் திட்டினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எதையும் மறுக்கத் தோன்றவில்லை. நான் அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டேன். என் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைக் காட்டி, போங்கள் போங்கள் என்று விரட்டினார். நாங்கள் ரயில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் கூண்டுக்குள் போய் யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தேகாலுக்கு ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தோம். விமானம் கிளம்பிச் சாப்பாடு கொடுத்து விளக்கை அணைத்த பிறகுதான் எனக்குப் பேச வாய் வந்தது.

"நான் வேணும்னேதான் லேட் பண்ணினேன். ஏறியிருக்கலாம்."

"தெரியும்" என்றார். "கண்ணாடி வழியா உன் மூஞ்சிய பாத்தேனே."

அவரே தொடர்ந்தார். "அதனாலதான், அங்க உன்னைக் காணோம்னதும், நீ தொலைஞ்சு போயிட்டேன்னு எனக்குத் தோணவே இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னுதான் நெனச்சேன்."

"பாஸ்போர்ட் கூட இல்லாம நான் எங்கங்க போவேன்?"

"அதெல்லாம் யோசிக்கல. என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு மட்டும்தான் தோணுச்சு."

இருட்டில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது. இருபது வருடத்தில் அவரிடம் நான் கேட்டிராத குரல்.

நியூயார்க்கில் இறங்கியதும் மகள் போன் செய்து, "அம்மா, ஹவ் வாஸ் மாஸ்கோ?" என்றாள். ஸ்டேஷன் எல்லாம் ரொம்ப அழகு என்று அவரே போனை வாங்கிச் சொன்னார். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று மாற்றலைத் தள்ளி வைத்தார். பேசினோம். சண்டை போட்டும் பேசினோம். மகள் பள்ளி முடித்த பிறகுதான் டாலஸ் பக்கம் வந்தோம். இங்கே எனக்கு மறுபடி லீட் டீச்சர் ஆக இரண்டு வருடம் பிடித்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. என் பாஸ்போர்ட் இப்போது என் பையில்தான் இருக்கிறது.

அவர் ஏன் வரவில்லை என்று நான் கொதித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவர் ஐந்து நிமிஷ நடை தூரத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார், நான் ஏன் இல்லை என்று அங்கே உடைந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து யாராவது என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மனசு அடித்துச் சொல்லும்போதெல்லாம், அவர்கள் எங்கே நின்று என்னைத் தேடுகிறார்களோ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.